இணையத்தளத்துக்கும் ஒரு படலை வேண்டும்

நோர்வேயின் ஒரு சிறு நகரத்தில், சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ்ப் பாடசாலையொன்றின் மாணவர் பதிவேட்டை நாம் நான்கு பேர் பார்த்து வருகின்றோம். அந்தப் பதிவேடு இப்போது கொப்பியில் இல்லை, இணையத்தளத்தில் இருக்கின்றது. எம்மில் ஒருவர் பேருந்துச் சாரதி. ஒருவர் முதியோர் இல்லத்தில் பணிபுரிபவர். ஒருவர் மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர். மற்றவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. நாம் நால்வரும் மாலை நேரங்களில் கூடியிருந்து பேசியவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இணையத்தளம் கட்டும் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்த நாட்டில் வைத்தியரைக் காண நேரம் எடுப்பது, பிள்ளையின் பாடசாலைக்குச் சுகவீனம் அறிவிப்பது, வரி விபரம் பார்ப்பது, வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது எல்லாமே இணையத்தளங்களின் ஊடாகத்தான் நடைபெறுகின்றன. எமது பெயர், பிறந்த திகதி, வீட்டு முகவரி அனைத்தும் அவற்றுக்குள் இருக்கின்றன. அவை உள்ளே எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றன என்பதை ஓரளவேனும் அறிந்திருந்தால், ஏதாவது பிழைக்கும்போது சரியான கேள்வியைக் கேட்க முடியும். அத்துடன், கணினித் துறையில் வேலை தேடும் எமது இளையோருக்கு எதை முதலில் படிப்பது என்ற குழப்பம் பெரிதாக இருக்கின்றது. இரண்டுக்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கின்றது என்பது எமது அனுபவம்.

ஒரே கோப்பில் எல்லாம்

நாம் பொறுப்பேற்பதற்கு முன்னர், பாடசாலைக்கான இணையத்தளத்தைப் பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் யார் என்பது இங்கு முக்கியமன்று. பார்வைக்கு அழகான தளம். ஆனால் அதன் ஒவ்வொரு பக்கமும் ஒரே கோப்பாக இருந்தது. தரவுத்தளத்தைத் திறப்பது, அதிலிருந்து விபரங்களை எடுப்பது, கட்டணத்தைக் கணக்கிடுவது, பக்கத்தை வரைவது, பெற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் அந்த ஒரு கோப்பினுள்ளேயே பின்னிக் கிடந்தன.

அத்தளத்தில் வகுப்பு வரவுப் பட்டியல் என்று ஒரு பக்கம். பெற்றோர் எவரும் அதனைத் திறந்து பார்க்கலாம். பிள்ளைகளின் பெயர்கள் மட்டும்தான் திரையில் தெரியும். ஆனால் அந்தப் பக்கம், குடும்பங்களின் முகவரிகளையும் தொலைபேசி இலக்கங்களையும் சேர்த்தே எடுத்து வந்து, பின் அவற்றைத் திரையில் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தது. மறைப்பது வேறு, கொடுக்காமல் விடுவது வேறு. ஒரு தாயின் மூத்த மகன் விளையாட்டாகப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தபோது எல்லா வீடுகளின் முகவரியும் அங்கே இருந்தது. அந்தத் தாய்க்குத் தம் முகவரி ஒருவருக்குத் தெரியக்கூடாது என்பதற்குத் தக்க காரணம் இருந்தது. அவர் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை என்று பின்னர் எமக்குச் சொன்னார்.

நிர்வாகம் உடனே அந்தப் பக்கத்தை மூடியது. நோர்வேயில் 2018 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் தனிநபர் தரவுச் சட்டத்தின்படி இவ்வாறான கசிவை 72 மணித்தியாலங்களுக்குள் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். அதனையும் செய்தார்கள். பின்னர் எம்மை அழைத்துத் தளத்தைப் புதிதாகக் கட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள்.

இவ்வாறு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இணையத்தின் தொடக்க காலத்திலிருந்துதான். 1995 இல் றாஸ்மஸ் லெர்டோர்ப் வெளியிட்ட பி.எச்.பி. போன்ற கருவிகள், பக்கத்தின் நடுவே நிரலை எழுதும் வசதியைத் தந்தன. சிறு தளத்துக்கு அது மிக இலகுவானது. நாலு பக்கம் நாற்பது பக்கமாக வளரும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது. ஒரு கட்டணத்தை மாற்ற ஏழு கோப்புகளைத் தேட வேண்டும். ஒன்றைத் திருத்த இன்னொன்று உடையும். எவருக்கு எது தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் என்று ஒன்று இருக்காது.

வீட்டின் ஒழுங்கு

முதல் நாள் கூடியபோது மென்பொருள் தெரிந்தவர் எமக்குப் பல ஆங்கிலச் சொற்களைச் சொன்னார். பேருந்துச் சாரதி சிறிது நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, வீட்டுக்கு வாற ஆக்களை நாங்கள் நேரே சாமியறைக்குள்ள விடுறனாங்களோ?" என்றார். விடயம் அத்தோடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளை நினைத்துப் பாருங்கள். வேலி, அதில் ஒரு படலை. சில வீடுகளில் கூரை வேய்ந்த சங்கடப்படலை இருக்கும். வழிப்போக்கர் அங்கே நிழலுக்கு இருந்துவிட்டுப் போவார்கள். அறிமுகமானவர் முற்றம் தாண்டி விறாந்தைக்கு வருவார். உறவினர் உள்ளே ஹோலுக்கு வருவார்கள். அடுப்படிக்கும் சாமியறைக்கும் வீட்டாரும் மிக நெருங்கியவர்களும் மட்டுமே போவார்கள். இதனை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. வீட்டின் அமைப்பே அதனைச் சொல்லிவிடும்.

இவ்வொழுங்கினைக் கிறிஸ்தோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் 1977 இல், தமது சகாக்களுடன் எழுதிய நூலொன்றில் பதிவு செய்திருக்கிறார். வீடுகளும் தெருக்களும் ஊர்களும் காலங்காலமாகத் தீர்த்து வந்த சிக்கல்களை 253 'பாங்கு'களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமும் பெயரும் கொடுத்தார்கள். ஒரு சிக்கல், அது எழும் சூழல், அதற்குப் பலரும் கண்ட தீர்வு என்ற மூன்றும் சேர்ந்ததே பாங்கு. ஆங்கிலத்தில் 'பற்றேர்ண்' என்பார்கள். அந்நூலின் 127 ஆவது பாங்கு, வீட்டின் பகுதிகள் வெளியாருக்கு உரியதிலிருந்து அந்தரங்கமானது வரை படிப்படியாக அமைய வேண்டும் என்பதே. எமது படலையும் விறாந்தையும் சாமியறையும் அதற்கு நல்ல உதாரணங்கள்.

அலெக்சாண்டர் 1936 இல் வியன்னாவில் பிறந்தவர். நாசிகள் ஒஸ்திரியாவைப் பிடித்த 1938 ஆம் ஆண்டிலேயே பெற்றோருடன் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த குழந்தை. வீடு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் ஓர் அகதிக் குழந்தையாக இருந்தவர் என்பது எமக்கு மனதைத் தொட்ட செய்தியாக இருந்தது. அவர் 2022 இல் காலமானார்.

கட்டடத்துக்கான இந்தச் சிந்தனையை மென்பொருளாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1987 இல் கென்ற் பெக், வோர்ட் கனிங்ஹாம் என்ற இருவர் அலெக்சாண்டரின் முறையை நிரல் எழுதுவதில் கையாண்டு பார்த்து அறிக்கை வாசித்தார்கள். 1994 இல் எரிக் காமா, றிச்சர்ட் ஹெல்ம், றால்ப் ஜோன்சன், ஜோன் விலிசிடீஸ் ஆகிய நால்வர் 23 பாங்குகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார்கள். மென்பொருள் துறையில் 'டிசைன் பற்றேர்ண்' என்ற சொல் பரவலாகியது அந்நூலால்தான்.

ஒஸ்லோக்காரர் கொடுத்த மூன்று பெயர்கள்

இணையத்தளங்களைக் கட்டுவதற்கு இன்று அதிகம் பயன்படும் பாங்கு அதைவிடப் பழையது. அதனைத் தந்தவர் நாம் வாழும் இந்த நாட்டைச் சேர்ந்தவர். ட்ரிக்வே ரீன்ஸ்கௌக் என்பது அவர் பெயர். 1960 களில் கப்பல்களை வரைந்து கட்டுவதற்கான மென்பொருளை ஒஸ்லோவில் உருவாக்கியவர்களில் ஒருவர். 1978 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த ஸெறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்துக்கு வருகை ஆய்வாளராகச் சென்று, 1979 இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அக்குறிப்பில் இருந்ததுதான் மொடல், வியூ, கொன்ட்ரோலர் என்ற மூன்று பெயர்கள். மூன்றின் முதலெழுத்துக்களையும் சேர்த்து எம்.வி.சி. என்பார்கள். அவர் பின்னர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2024 இல் காலமானார்.

அவர் தீர்க்க முயன்ற சிக்கல் இது: கணினியைப் பயன்படுத்தும் மனிதர் தம் மனதில் ஒரு விடயத்தை எவ்வாறு நினைத்து வைத்திருக்கிறாரோ, அதற்கு ஒத்த வகையில் கணினியும் அதனை வைத்திருக்க வேண்டும். கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்பவருக்குக் கப்பல் என்பது எண்களின் பட்டியல் அன்று. ஒரே கப்பலை ஒருவர் வரைபடமாகவும், இன்னொருவர் வேலை அட்டவணையாகவும் பார்ப்பார். பொருள் ஒன்று, தோற்றங்கள் பல. எனவே பொருளையும் தோற்றத்தையும் பிரித்து வைக்க வேண்டும் என்றார்.

இந்நாட்டின் பங்கு அத்துடன் முடியவில்லை. நிரலைப் 'பொருள்'களாகப் பிரித்து எழுதும் முறைக்கே வித்திட்டது, ஒல-யொஹான் டாலும் கிறிஸ்தன் நீகோர்டும் 1960 களில் ஒஸ்லோவில் உருவாக்கிய சிமுலா என்ற கணினி மொழிதான். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கும் எமது பிள்ளைகள் நாளும் போய்வரும் கட்டடங்களுக்கு இவ்விருவரின் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன.

எமது பதிவேட்டில் இந்த மூன்றும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைச் சொல்கிறோம். ஒரு தாய் தம் தொலைபேசியில் 'என் பிள்ளைகள்' என்ற பக்கத்தைத் தொடுகிறார். அந்த வேண்டுகோள் முதலில் கொன்ட்ரோலரிடம் வருகின்றது. இதுதான் படலை. வந்தவர் யார், என்ன கேட்கிறார், அதற்கு அவருக்கு உரித்து உண்டா என்று பார்த்து, உரிய இடத்துக்கு அனுப்புவது மட்டுமே இதன் வேலை. அடுத்து மொடல். இதுதான் உள்ளறை. மாணவர் என்றால் என்ன, குடும்பம் என்றால் என்ன, கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படும் என்ற விதிகள் எல்லாம் இங்கேதான். தரவுத்தளத்துடன் பேசுவதும் இந்தப் பகுதி மட்டுமே. மொடல் கொடுத்த விபரத்தைக் கொன்ட்ரோலர் வியூவிடம் கொடுக்கின்றது. இது விறாந்தை. விபரத்தை எந்த எழுத்தில், எந்த நிறத்தில், எந்த மொழியில் காட்டுவது என்பது இதன் பொறுப்பு. வியூ கணக்குப் பார்க்காது, தரவுத்தளத்தைத் தொடாது. கையில் கொடுத்ததைப் பரிமாறும், அவ்வளவுதான்.

ரீன்ஸ்கௌக் இதனை நினைத்தது மேசைக் கணினித் திரைக்காக. இணையத்தில் வேண்டுகோள் ஒன்று வரும், பதில் ஒன்று போகும், அத்துடன் தொடர்பு முடிந்துவிடும். எனவே இணையத்துக்கு வந்தபோது மூன்று பகுதிகளுக்கும் இடையிலான உறவு சற்று மாறியது. ஆனால் பிரிவினை மாறவில்லை. 2000 ஆம் ஆண்டில் ஜாவா மொழிக்கு ஸ்ரட்ஸ், 2004 இல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமியர் ஹான்சன் தந்த றூபி ஒன் றெயில்ஸ், 2011 இல் பி.எச்.பி. மொழிக்கு லாரவெல் என வந்த கட்டமைப்புகள் பலவும் இந்தப் பிரிவினையிலேயே நிற்கின்றன.

பாமினி காலத்துப் பாடம்

பொருளையும் தோற்றத்தையும் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எம்மவர் அனுபவத்திலேயே ஓர் உதாரணம் இருக்கின்றது. தொண்ணூறுகளில் புலம்பெயர் நாடுகளில் பல சஞ்சிகைகளும் மலர்களும் பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டன. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் கணினிக்குள் பதிவது தமிழ் அன்று. எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, பிறகு எச் என்ற ஆங்கில விசைகளே பதியும். எழுத்துரு அவற்றைத் தமிழ் போல வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள்தான். நாம் சேமித்தது தமிழையல்ல, தமிழின் தோற்றத்தை மட்டுமே.

ஒருங்குறி என்ற யூனிகோட் அதனை மாற்றியது. 1991 இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் 'அ' என்ற எழுத்துக்கு 2949 என்ற இலக்கம். எந்த எழுத்துருவில் பார்த்தாலும், எந்த நாட்டில் திறந்தாலும் அது 'அ' தான். பொருள் தனியாக, தோற்றம் தனியாகப் பிரிந்துவிட்டது.

பாடசாலைத் தளத்திலும் இதே பலனைக் கண்டோம். முன்பு பக்கத்துக்குள்ளேயே நோர்வேஜிய மொழிச் சொற்கள் நிரலுடன் கலந்திருந்தன. புதிதாக வந்த பெற்றோர் விளங்காமல் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டியிருந்தது. பத்து வயதுப் பிள்ளை பெற்றோருக்குக் கட்டண விபரம் விளக்குவது நல்லதன்று. இப்போது சொற்கள் எல்லாம் தனிக் கோப்பில், வியூவின் பக்கம் இருக்கின்றன. தமிழைச் சேர்த்தபோது மொடலில் ஒரு வரியைக்கூட நாம் மாற்றவில்லை. முதியோர் இல்லத்தில் பணிபுரியும் எம் தோழி, நிரல் எழுதத் தெரியாமலே, தமிழ்ச் சொற்கள் முழுவதையும் தாமே அமர்ந்து எழுதி முடித்தார்.

குடும்பம் என்றால் யார்?

எமக்கு அதிக நேரம் எடுத்தது மொடல்தான். பழைய நிரல், ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்களை ஒரு குடும்பமாகக் கணித்தது. நோர்வேஜியக் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். எமக்குப் பொருந்தாது. தந்தையின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இருக்கும் இடத்தில் அவருடைய தந்தையின் பெயர். தாய்க்கு அவருடைய தந்தையின் பெயர். பிள்ளைகளுக்கோ தந்தையின் பெயர். ஒரே வீட்டில் நான்கு பேர், மூன்று குடும்பப்பெயர்கள். பழைய தளம் அவர்களை மூன்று குடும்பமாகப் பிரித்துவிட்டது. தாயால் தம் பிள்ளையின் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. "எங்களை வேற வேற ஆக்கள் எண்டு காட்டுது அக்கா" என்று ஒரு தாய் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. வரும் வழியில் எத்தனையோ அலுவலகங்களில் 'நாங்கள் ஒரு குடும்பம்' என்று நிரூபித்து வந்தவர் அவர்.

ஆகவே மொடலில் 'குடும்பம்' என்பதைப் பெயரிலிருந்து ஊகிக்காமல், தனியான ஒரு பொருளாகவே வைத்தோம். ஒரு மாணவருக்குப் பாதுகாவலர் ஒருவரோ பலரோ இருக்கலாம். அவர் தாயாக, தந்தையாக, மாமாவாக, அம்மம்மாவாக இருக்கலாம். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் பிள்ளைக்கு இரண்டு வீடுகள் இருக்கலாம். பெயரை முதற்பெயர், இறுதிப்பெயர் என்று வெட்டாமல், முழுப்பெயர் என்றும் அழைக்கும் பெயர் என்றும் வைத்தோம். சகோதரருக்கான கட்டணக் கழிவு இப்போது எவருக்கும் தவறுவதில்லை. இந்த விதிகள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதால், தளத்தின் எல்லாப் பக்கங்களும் ஒரே நாளில் திருந்தின.

இன்னொன்றையும் மொடலில் தீர்மானித்தோம். தேவையற்றதைக் கேட்பதில்லை. மாணவரின் 11 இலக்கத் தேசிய அடையாள எண் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எதற்கு? பழைய விண்ணப்பத்தில் அதற்கு ஒரு பெட்டி இருந்தது. அதனை நீக்கினோம். இல்லாத தரவு கசியாது.

படலையில் நிற்பவர்

முகவரி வெளிப்பட்ட அந்தச் சம்பவம் மீண்டும் நடக்காமலிருக்க இரண்டு காவல்கள் வைத்தோம். முதலாவது படலையில். எந்தப் பக்கத்துக்கான வேண்டுகோள் வந்தாலும் கொன்ட்ரோலருக்குப் போகுமுன் ஒரே வாயிலைக் கடந்தே வர வேண்டும். இதற்கும் ஒரு பாங்கு உண்டு. 'புறொன்ட் கொன்ட்ரோலர்' என்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் பூட்டுப் போட்டால் எங்காவது ஒன்றைப் பூட்ட மறந்துவிடுவோம். ஒரே வாயில் என்றால் மறக்க இடமில்லை.

இரண்டாவது உள்ளறையில். வரவுப் பட்டியலுக்கென்று மொடல் கொடுப்பது பெயரும் வகுப்பும் மட்டுமே. முகவரி அந்தப் பாதையால் வெளியே வரவே வராது. திரையில் எவ்வளவு கவனமாக மறைத்தாலும், பயனாளரின் கருவிக்குப் போய்ச் சேர்ந்த விபரம் விறாந்தைக்கு வந்துவிட்ட விபரம்தான். இதனை எம் பிள்ளைகள் அவசியம் மனதில் வைக்க வேண்டும். ஏனெனில் முகநூல் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட றியாக்ட் போன்ற கருவிகளுக்குப் பின், வியூவின் பெரும்பகுதி பயனாளரின் கருவியிலேயே இயங்குகின்றது. சேவையகம் வெறும் தரவை அனுப்புகின்றது. திரை அழகாக ஒழுங்குபட்டிருக்கும். பின்னால் வந்த தரவில் தேவைக்கு மேல் எல்லாம் இருக்கும். இன்றும் இந்தத் தவறு பலராலும் செய்யப்படுகின்றது.

அந்தத் தாயை அழைத்து, அவர் முன்னாலேயே அவருடைய மகனிடம் புதிய பக்கத்தின் மூல நிரலைத் திறந்து தேடச் சொன்னோம். அவன் அரைமணி நேரம் தேடினான். பெயர்களைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. அதன் பிறகே அவர் தம் இளைய மகளின் பெயரை மீண்டும் பதிவு செய்தார்.

எல்லாவற்றுக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. கோயில் திருவிழாவின் திகதியையும் இடத்தையும் அறிவிக்கும் ஒரு பக்கத்துக்கு மொடலும் வேண்டாம், கொன்ட்ரோலரும் வேண்டாம். ஒரு சாதாரணப் பக்கம் போதும். கொட்டிலுக்கு நாற்சார் வீட்டின் வரைபடம் எதற்கு? 23 பாங்குகளையும் படித்துவிட்ட உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் திணித்தால், ஒரே கோப்பில் எழுதியதைவிட அது விளங்காமற் போய்விடும். சிக்கல் தோன்றும்போது பாங்கைத் தேட வேண்டும். நாமும் 23 இல் ஒன்றைத்தான் வேண்டுமென்றே கையாண்டோம். 'ஒப்சேவர்' என்பது அது. புதிய மாணவர் பதிவானதும் மணி அடித்தது போல ஓர் அறிவிப்பு எழும். அதைக் கேட்டு ஆசிரியரின் பட்டியல் தானே புதுப்பிக்கப்படும், பெற்றோருக்கு மின்னஞ்சல் போகும். மணி அடிப்பவருக்கு யார் யார் கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. நாளை பொருளாளருக்கும் அறிவிக்க வேண்டுமானால், கேட்பவர் ஒருவரைக் கூட்டினால் போதும்.

தொழில் தேடும் இளையோருக்கு

'எந்த மொழியைப் படிப்பது, எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது?' என்று பலர் எம்மிடம் கேட்கிறார்கள். புதிதாக வந்த குடும்பத்துக்கு அந்தப் பணம் சிறியதன்று. கருவிகள் வந்து போகும். ஒரு காலத்தில் எங்கும் இருந்த ஸ்ரட்ஸின் முதற் பதிப்புக்கு 2013 உடன் ஆதரவு நிறுத்தப்பட்டது. பிளாஷ் 2020 இறுதியில் முடிவுற்றது. அவற்றை மட்டும் படித்தவர்கள் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. 1979 இல் எழுதப்பட்ட அந்த மூன்று பெயர்கள் இன்னும் நிற்கின்றன. ஜாங்கோ என்ற கட்டமைப்பில் பெயர்கள் சற்று மாறியிருக்கும். மற்றவர்கள் கொன்ட்ரோலர் என்பதற்கு அங்கே வியூ என்றும், வியூ என்பதற்கு ரெம்பிளேற் என்றும் பெயர். ஆனால் பிரிவினையை விளங்கியவர் ஒரு மணித்தியாலத்தில் அதனைப் பிடித்துக்கொள்வார்.

எமது நகரத்துக்கு அண்மையில் குடும்பத்துடன் வந்து சேர்ந்த ஒரு தங்கை, ஊரில் கணினிப் பட்டயப் படிப்பு முடித்தவர். நோர்வேஜிய மொழி இன்னும் வாயில் வரவில்லை. மொழிப் பயிற்சிக்காக அவரை ஒரு சிறு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு கிழமையும் கோப்பி ஊற்றுவதும் பெட்டி அடுக்குவதும்தான். மூன்றாம் கிழமை, அங்கே பழைய நிரலொன்றைப் பற்றி எல்லோரும் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, இவர் எழுந்து பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக்கூடாத ஒரு கோட்டைச் சிவப்பால் வெட்டிக் காட்டினாராம். சொன்னது எம்.வி.சி. என்ற ஒரு சொல் மட்டுமே. அங்கிருந்தவர்கள் அதனை விளங்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் அவருக்கு ஒரு கணினி கொடுக்கப்பட்டது. பாங்குகளின் பெயர்கள் இத்துறையில் எல்லா நாட்டவருக்கும் பொதுவான மொழி. உள்ளூர் மொழி வருவதற்குச் சில வருடங்கள் எடுக்கும். அதனையும் விடாமல் படிக்க வேண்டும். ஆனால் அதுவரை வாய் மூடி இருக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் விபரத்தைக் கேட்கும் எந்த அமைப்பிடமும், சங்கமோ கழகமோ பாடசாலையோ, மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எங்கள் விபரத்தில் எவற்றை வைத்திருக்கிறீர்கள்? அவற்றை யார் யார் பார்க்கலாம்? அதனைத் தீர்மானிப்பவர் யார்? இவற்றைக் கேட்பது உங்கள் உரித்து. உங்களைப் பற்றி வைத்திருக்கும் விபரத்தின் பிரதியைக் கேட்டுப் பெறவும் சட்டம் இடமளிக்கின்றது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மொடல், வியூ, கொன்ட்ரோலர் மூன்றுக்கும் உரிய கேள்விகள்தான் இவை.

பிள்ளைகள் தங்கள் முதலாவது இணையத்தளத்தை எழுதிக்கொண்டு வந்து காட்டும்போது, 'வடிவாய் இருக்கு' என்று சொல்லிவிட்டு, 'இதுக்குப் படலை எங்கே?' என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எங்கள் பதிவேட்டைக் கவனிக்க இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகின்றார்கள். நிரல் தெரிந்தவர்களும் வரலாம், தமிழ் எழுதத் தெரிந்தவர்களும் வரலாம். இரண்டு வேலையும் இருக்கின்றது.